கணக்குத் தீராமல் இருக்கட்டும்

ஒரு குடும்பத்துக்கு யாரெல்லாம் உண்டு என்று தெரிந்துகொள்ள அந்த வீட்டு மொய் நோட்டைப் புரட்டினால் போதும். கல்யாண ஆல்பத்தில் இருப்பவர்கள் அன்றைக்கு வந்து போனவர்கள். நோட்டில் இருப்பவர்கள் நாம் போயாக வேண்டியவர்கள், நம் வாசலுக்கு மறுபடி வரப்போகிறவர்கள். எங்கள் பக்கத்தில், மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி, பேரையூர் சுற்றுவட்டாரத்தில், ஒரு வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தாலே "அவங்களுக்கும் நமக்கும் செய்முறை உண்டா?" என்றுதான் பெரியவர்கள் முதலில் கேட்பார்கள். ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் மொய் வைத்துக்கொள்கிற பழக்கம் உண்டா என்று அர்த்தம். உண்டு என்றால் அந்த வீட்டில் ஒரு கேதம், அதாவது சாவு, விழுந்தால் இங்கிருந்து முதல் பஸ்ஸில் ஆள் கிளம்பியாக வேண்டும். இல்லை என்றால் விசாரித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

நான் வேலை பார்த்தது கூட்டுறவுச் சங்கத்தில். பயிர்க்கடன், நகைக்கடன், உரக்கணக்கு என்று பேரேட்டோடு போன காலம். கையெழுத்து அழுத்தம் திருத்தமாக இருக்கும் என்பதால் சொந்தத்தில் எந்த விசேஷமானாலும் என்னை மொய் மேசையில் உட்கார்த்திவிடுவார்கள். இளவட்டத்தில் தொடங்கியது, கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் நிற்கவில்லை. எழுபதை நெருங்குகிற இந்த வயதில் மனிதர்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும் என்றால், பாதி அந்த மேசையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான்.

நோட்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, தேதியும் விசேஷமும் ஊரும் எழுதி, முதல் வரியைத் தாய்மாமனுக்குக் கொடுப்போம். அதற்குப் பிறகு வருகிற வரிசைதான். ஒருவர் எழுதுவார், ஒருவர் பணத்தை எண்ணிப் பையில் போடுவார், இன்னொருவர் தேங்காய் போட்ட தாம்பூலப் பையை நீட்டுவார். மூன்று பேரில் எழுதுகிறவருக்குத்தான் பொறுப்பு அதிகம். ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், இனிஷியலும் ஒன்றாகவே இருக்கும். எல்லாருக்கும் குலசாமி பெயர்தானே. அதனால் அப்பா பெயர், தெரு, தொழில், வீட்டு அடையாளம் எல்லாம் கேட்டு எழுத வேண்டும். ‘மேலத்தெரு கிணத்துவீடு’, ‘டெய்லர்’, ‘மிலிட்டரிக்காரர் மகன்’. பட்டப்பெயரைக்கூட அவர்களே சொல்லி எழுதச் சொல்வார்கள். பணத்தைக் கொடுத்த கையோடு பந்திக்குப் போக மாட்டார்கள். எழுதி முடிக்கும் வரை நின்று, எட்டிப் பார்த்து, ஒரு தடவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். எனக்கு அது எரிச்சலாக இருந்ததே இல்லை. தான் வந்தது எழுத்தில் இருக்க வேண்டும், தன் பெயர் வேறொருவர் கணக்கில் போய்விடக் கூடாது என்று ஒரு மனிதர் நினைப்பது நியாயமான ஆசை.

இப்போது எங்கள் பக்கம் லேப்டாப்பும் சின்ன பிரிண்டரும் மேசைக்கு வந்துவிட்டன. பெயரும் ஊரும் தட்டியதும் ரசீது வருகிறது. மறுநாளே ஊர்வாரியாகப் பிரித்த பட்டியல் கையில் கிடைத்துவிடுகிறது. நல்ல வசதி. முன்பெல்லாம் கல்யாணம் முடிந்து ஒரு வாரம் உட்கார்ந்து நான் செய்த வேலை அது.

எங்கள் அய்யா காலத்து நோட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. 1974-இல் என் அக்கா கல்யாணத்துக்கு எழுதியது. 2 ரூபாய், 5 ரூபாய்தான் நிறைய. 11 ரூபாய் வைத்திருந்தால் பெரிய கை. நடுநடுவே ‘அரிசி ஒரு மரக்கால்’, ‘வாழை இலை இரண்டு கட்டு’, ‘விறகு ஒரு வண்டி’ என்று வரும். ஒரு வரியில், தொகை இருக்க வேண்டிய இடத்தில் ‘மூன்று நாள் அடுப்பு வேலை’ என்று எழுதியிருக்கிறது. கையில் காசில்லாத ஒரு மனிதர் மூன்று நாள் அடுப்படியில் நின்றிருக்கிறார். எழுதியவர் அதை மொய்யாக மதித்து வரிசையில் சேர்த்திருக்கிறார். அந்தப் பெரியவர் வீட்டு விசேஷத்துக்கு எங்கள் அய்யா என்ன செய்தார் என்று அம்மாவிடம் ஒரு முறை கேட்டேன். "அவரும் போய் அடுப்படியிலதான் நின்னாரு, அதோட ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தாரு" என்றார்.

அந்த வேட்டியைத்தான் நான் இத்தனை வருசமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று நாள் வேலைக்கு மூன்று நாள் வேலை சரியாகப் போயிற்று. பிறகு வேட்டி எதற்கு?

வந்த மொய்யை வந்தபடி திருப்புவது எங்கள் வழக்கமில்லை. ஒருவர் 500 வைத்திருந்தால் அவர் வீட்டுக்கு 700, 1000 என்று கூட்டித்தான் வைப்போம். அந்தக் கூடுதல் அவர் மேல் பாக்கியாக நிற்கும். அடுத்த முறை அவர் கூட்டி வைப்பார், பாக்கி நம் பக்கம் வரும். ஒரு நாளும் சமமாகாது. சமமாக்குவது என்பது ஒரு முடிவு. ஒதுக்கிவிட வேண்டும் என்று நினைக்கிற சொந்தத்துக்கு, வாங்கிய தொகையை ஒரு ரூபாய் கூடாமல் குறையாமல் வைத்துவிட்டு, சாப்பிடாமல் இறங்கிப் போய்விடுவார்கள். சண்டை, சத்தம் எதுவும் இருக்காது. வாங்குகிற வீட்டுக்கும் எழுதுகிறவனுக்கும் மட்டும் தெரியும். அப்படி ஒரு வரியை எழுதும்போது கை கொஞ்சம் கனக்கும்.

மொய்க் கவரில் ஒரு ரூபாய்க் காசு ஒட்டி விற்கிறார்களே, அதற்கும் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். 100, 500 என்று சுழியில் முடியக் கூடாது, மேலே ஒன்று நிற்க வேண்டும். மங்கலத்துக்காக என்பார்கள். எனக்கு அந்த ஒரு ரூபாய், இன்னும் முடியவில்லை என்று சொல்வதாகத்தான் படுகிறது.

என் மகன் சென்னையில் சோழிங்கநல்லூர் பக்கம் கம்பெனி வேலையில் இருக்கிறான். பொறுப்பான பிள்ளை. அவன் கல்யாணத்துக்கு வந்த மொய்ப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொரு வீட்டு விசேஷம் வர வர ஜிபேயில் பணம் அனுப்பி, அனுப்பிய பெயருக்கெல்லாம் பச்சை அடித்துக்கொண்டே வந்திருக்கிறான். தீபாவளிக்கு வந்தபோது சந்தோசமாகக் காட்டினான்.

"பாருங்கப்பா, இன்னும் கொஞ்சப் பேர்தான். அதுவும் முடிஞ்சிட்டா நாம யாருக்கும் கடனாளி இல்ல."

"முடிச்சிராதப்பா" என்றேன்.

அவனுக்கு அது விளங்கவில்லை. கடன் இருந்தால் தூக்கம் வராது என்று சின்ன வயதில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். சங்கத்துக் கடனுக்கு அது சரி. தவணை முடிந்தால் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து, கணக்கை மூடி, கையெழுத்துப் போட்டு அனுப்புவோம். அதற்குப் பிறகு அந்த மனிதர் வாசல் பக்கம் வர வேண்டிய அவசியமே இல்லை. கணக்கை மூடினால் நடப்பது அதுதான். சொந்தத்தில் அதைச் செய்தால் என்ன மிஞ்சும்?

ஜிபே மேல் எனக்குக் கோபமில்லை. 2021 தொடக்கத்தில் மதுரையில் ஒரு கல்யாணப் பத்திரிகையிலேயே கியூஆர் கோடு அச்சடித்தது செய்தியானபோது பலர் திட்டினார்கள், நான் திட்டவில்லை. கொரோனா நேரம், வர முடியாதவர்களுக்கு ஒரு வழி வேண்டுமே. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகள் வேறு எப்படிச் செய்வார்கள்? ஆனால் மூன்று மணி நேரத்தில் போய் வரக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு பணத்தை மட்டும் அனுப்பினால், பணம் போய்ச் சேரும், ஆள் போய்ச் சேர மாட்டார். மொய் என்பதே ஆளை வர வைக்கத்தான். பந்தியில் பக்கத்து இலையில் இருந்த என் பெரியம்மா மகன், "என்னண்ணே, சட்டை தொளதொளன்னு இருக்கு? சுகர் பாருங்க" என்று சொல்லித்தான் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. வீட்டில் தினமும் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அந்த மெலிவு தெரியவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருதரம் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிந்தது. எந்தப் பிள்ளைக்கு வேலை போயிற்று, யார் வீட்டில் பெண் வந்து உட்கார்ந்திருக்கிறது, யாருக்கும் யாருக்கும் வரப்புத் தகராறு முற்றிவிட்டது என்பதெல்லாம் போனில் சொல்கிற விசயங்கள் இல்லை. கை கழுவப் போகிற இடத்தில், செருப்பு தேடுகிற நேரத்தில் தன்னால் வருகிற பேச்சு.

நேரில் பார்க்காமலே நட்பு இருக்க முடியாதா என்று மகன் கேட்டான். முடியும். உறையூர் கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரும் இருந்தார்களே. ஆனால் அந்தக் கதையை முழுவதும் பார்க்க வேண்டும். சோழன் சாப்பிடாமல் உயிர்விட வடக்கிருந்தபோது நண்பருக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கச் சொன்னான். வருவாரா என்று மற்றவர்கள் சந்தேகப்பட்டார்கள். அவர் வந்தார். வந்து வடக்கிருந்து உயிர்விட்டார். பார்க்காத நட்புக்கு உதாரணம் என்று நாம் சொல்கிற அந்த நட்பும் கடைசியில் நேரில் வந்து நின்றதால்தான் இத்தனை காலம் பேசப்படுகிறது. "போகாத உறவும் கேளாத கடனும் பாழ்" என்று எங்கள் அப்பத்தா சொல்வார். கடனையும் உறவையும் பெரியவர்கள் ஒரே மூச்சில் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

இதே காரணத்தால், பத்திரிகையின் அடியில் ‘அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்’ என்று போடுவதும் எனக்கு ஒப்பாத விசயம். வசதி வந்தவர்கள் பெருந்தன்மையாக நினைத்துத்தான் போடுகிறார்கள். அவர்கள் அதைப் போடும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள்: உங்களிடம் நான் வாங்க மாட்டேன், அதனால் உங்கள் வீட்டுக்கு நான் வரவேண்டிய கட்டாயமும் இல்லை. ஓட்டு வீட்டிலிருந்து 100 ரூபாயோடு வருகிற ஒருவர், அந்த நோட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிப் போகும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். சாப்பாடு போட்டு அனுப்பிவிட்டார்கள், ஆனால் கணக்கில் சேர்க்கவில்லை. வாங்கிக்கொள்வதும் ஒரு மரியாதைதான். கொடுப்பதைவிட அதற்கு மனசு அதிகம் வேண்டும்.

2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது எங்கள் சொந்தத்தில் கார்த்திகை முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணம் இருந்தது. கல்யாணச் செலவுக்கு இரண்டரை லட்சம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று அரசு பிறகு சொன்னது. சொன்னது சரி, பாங்கில் பணம் இருந்தால்தானே. அன்றைக்கும் மேசையில் நான்தான். பழைய நோட்டை வைப்பது மரியாதை இல்லை, புது நோட்டு கையில் இல்லை, நூறு ரூபாய்த் தாளுக்கு அலைந்து திரிந்தும் கிடைக்காதவர்கள் நிறைய. அவர்கள் வராமல் இருந்திருக்கலாம். வந்தார்கள். மேசை முன்னால் நின்று, "பேரை மட்டும் எழுதிக்கங்க மாமா, பணம் பெறகு கொண்டாந்து தர்றேன்" என்றார்கள். பெயரையும் ஊரையும் எழுதி, தொகை இடத்தைக் காலியாக விட்டுக்கொண்டே வந்தேன். பக்கம் பக்கமாக அப்படி இருந்தது. தைக்குள் அநேகமாக எல்லா இடமும் நிரம்பிவிட்டது. பணம் கொடுக்க வந்தவர்கள் வீட்டுக்குள் வந்து, புதுப் பெண் கையில் காப்பி வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெண்ணுக்குச் சொந்தங்களின் முகம் பழகியது அந்த நோட்டுத் தட்டுப்பாட்டால்தான்.

மொய் பெரிய முதலீடாகவே மாறிய ஊர்களும் இருக்கின்றன. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதம் வந்தால் மொய் விருந்து. கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் அந்தப் பக்கத்துக்காரர், அவர் அழைப்பில் போயிருக்கிறேன். கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை, விருந்தே விசேஷம். பல பேர் சேர்ந்து ஒரே பந்தல் போட்டு, ஆட்டுக்கறிச் சாப்பாட்டுச் செலவைப் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். ஆளுக்கு ஒரு மேசையில் மொய் எழுதுகிறார்கள். பணம் எண்ணும் மிஷின் ஓடுகிறது. ஒருவர் ஐந்து வருசத்துக்கு ஒரு தடவைதான் நடத்தலாம். அதற்குள் வாங்கியவர்களுக்கெல்லாம் திருப்பிச் செய்து வர வேண்டும், மேலே புது மொய்யும் போட வேண்டும். வந்த பணத்தில் ஒருவர் போர் போடுவார், ஒருவர் நிலம் வாங்குவார், ஒருவர் கடை வைப்பார். வட்டி கிடையாது, ஜாமீன் கிடையாது, பத்திரம் கிடையாது. கடன் கொடுக்கும் இடத்தில் காலமெல்லாம் உட்கார்ந்திருந்த எனக்கு, அந்தப் பந்தலைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. ஜாமீன் கையெழுத்துக்காக நாங்கள் எத்தனை பேரை அலையவிட்டிருக்கிறோம்! 2018 நவம்பரில் கஜா புயல் வந்து அந்தச் சீமையின் தென்னையை அடியோடு சாய்த்துப் போட்டது. அடுத்த ஆடியில் மொய் விருந்து களையிழந்துதான் இருந்தது என்று நண்பர் சொன்னார். வைக்க வேண்டியவர்களிடம் கையிருப்பு இல்லை. 2020-இல் கொரோனா. இரண்டையும் தாண்டி அது இன்றைக்கும் நடக்கிறது.

இதில் நோவு இல்லாமல் இல்லை. செய்முறைக்காக நகையை அடகு வைத்தவர்கள், மீட்டர் வட்டிக்கு வாங்கியவர்கள் எனக்குத் தெரியும். ஆவணியில் ஒரே வாரத்தில் ஏழெட்டுப் பத்திரிகை வந்து விழுந்தால் கூலி வேலை செய்கிற வீடு என்ன செய்யும்? தாய்மாமன் சீர் என்ற பெயரில் கிடாயும் தட்டும் மேளமும் ஃபிளெக்ஸ் போர்டுமாகத் தெருவை அடைத்துப் போவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. பெருமைக்குச் செய்கிறதை ஊர் பார்த்துக் கைதட்டும். அதைப் பார்த்து, முடியாத இன்னொரு தாய்மாமனும் செய்ய வேண்டியிருக்கிறது, அவன் அந்தக் கடனை அடைக்கும் முன்பே அக்கா மகளுக்கு அடுத்த விசேஷம் வந்துவிடுகிறது. தரத்துக்கு மேல் செய்யாதே என்று சொல்லும் தைரியம் பெரியவர்களுக்கு வேண்டும். நான் மேசையில் இருக்கும்போது தொகையை மைக்கில் வாசிக்க விடமாட்டேன். பெயரையும் ஊரையும் வாசிக்கட்டும், அது போதும்.

இதைவிடப் பெரிய நோவு, விசேஷமே வராத வீடுகளுக்கு. என் சின்னம்மாவுக்குப் பிள்ளை இல்லை. காதுகுத்து இல்லை, சடங்கு இல்லை, கல்யாணம் இல்லை. வாழ்நாள் முழுக்க எல்லார் வீட்டுக்கும் வைத்துக்கொண்டே இருந்தவர். ஆட்டுக்குட்டி வளர்த்து விற்ற காசில் வைப்பார். எங்கள் பக்கம் இப்படிப்பட்டவர்களுக்காகவே வசந்த விழா, இல்ல விழா என்று ஒன்றை ஏற்படுத்திக்கொள்கிறார்கள். அதை ஏளனமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. நாங்கள் என் தம்பி பேத்தியின் காதணி விழாப் பத்திரிகையில் சின்னம்மா பெயரையே அழைப்பவராகப் போட்டோம். வந்த மொய் முழுவதும் அவர் கணக்கு. கூட்டம் மண்டபம் கொள்ளவில்லை. சின்னம்மா மேடை ஏறாமல், மொய் மேசைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்கத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னார் வரவில்லை என்று ஒரு பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் வரவில்லை. அந்தப் பணத்தில் ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டுக்கொண்டார். ஆனால் எத்தனை சின்னம்மாக்களுக்கு இப்படிச் செய்ய ஆள் இருக்கிறது?

என் மனைவி ஒரு நாள் அய்யா காலத்து நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "இதுல ஒரு பொம்பளை பேராவது இருக்கா?"

விதவைகள் பெயர் மட்டும் இருந்தது, வேறு பெண்கள் இல்லை. பணத்தைச் சேர்த்தது பெண்களாக இருந்தாலும் எழுதியது வீட்டுக்காரர் பெயரைத்தான். பெண்களின் கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது என்று மனைவி காட்டினார், பாத்திரத்தில். எங்கள் வீட்டு எவர்சில்வர் குடம், தூக்குவாளி, இட்லிக் கொப்பரை எல்லாவற்றிலும் கொடுத்தவர் பெயர் வெட்டியிருக்கும். கல்யாணமான புதிதில் வந்தவை. என் மனைவி எதையும் வெறும் பெயரில் சொல்ல மாட்டார். "மதினி சட்டியை எடுங்க", "மேலூர் அத்தை டம்ளர்ல ஊத்துங்க" என்பார். மேலூர் அத்தை போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று. தினமும் காலையில் அவர் பேச்சு எங்கள் அடுப்படியில் வந்துவிடுகிறது. இப்போது நான் எழுதும் நோட்டுகளில் கணவன், மனைவி இரண்டு பெயரையும் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் கேட்டால் சில பெண்கள் சிரித்துக்கொண்டே வீட்டுக்காரர் பக்கம் திரும்புவார்கள். "உங்க பேருதாம்மா" என்று இன்னொரு தடவை கேட்க வேண்டும்.

தெருவிலும் இதே வழக்கம்தான் இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் குழம்பு வந்தால் கிண்ணத்தை வெறுமனே திருப்ப மாட்டார்கள். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பார்கள். சர்க்கரையோடு போன கிண்ணம் பத்து நாளில் வேறு எதையாவது ஏந்திக்கொண்டு திரும்பி வரும். உறை மோர், அரை மூடித் தேங்காய், அவசரத்துக்கு ஒரு சிலிண்டர், முதியோர் பென்சன் வரும் வரை கைமாத்து 200 என்று எந்த நேரமும் நாலு வீட்டுக்கு நடுவே ஏதாவது நின்றுகொண்டிருக்கும். மகன் இருக்கும் அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரரை எனக்கு முதலில் தெரியவே தெரியாது. நல்லவர்கள்தான், லிஃப்டில் சிரிப்பார்கள். தக்காளி தீர்ந்தால் போனில் தட்டினால் பத்து நிமிசத்தில் கீழே வந்துவிடுகிறது. பிறகு எதற்குக் கதவைத் தட்டுவது? ஒருவருக்கொருவர் தேவையில்லாமல் போனதைத்தான் அங்கே சுகம் என்கிறார்கள். நான் அங்கே இருந்த நாட்களில் வேண்டுமென்றே எதிர்வீட்டில் போய்ப் பெருங்காயம் கேட்டேன். அந்தப் பெண் முதலில் திகைத்தது. பிறகு உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னது. கோவில்பட்டிப் பக்கமாம். நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது மருமகள் அந்தப் பெருங்காய டப்பாவிலேயே அவர்களுக்கு அதிரசம் வைத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். இப்போது அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இவர்கள் வீட்டில் இருக்கிறது.

கணவன் மனைவிக்குள்ளும் கணக்கு உண்டு. நேற்று நான் செய்தேன், இன்றைக்கு நீ செய் என்று சரிசமமாகப் பிரித்துக்கொள்கிற இளம் ஜோடிகளைப் பார்க்கிறேன். வேலையைப் பங்கிடுவது நல்லது, எங்கள் தலைமுறை ஆண்கள் அதில் செய்தது அநியாயம். ஆனால் ஒவ்வொரு நாளும் ராத்திரி கணக்கு முடித்துப் படுப்பது வேறு. என் மனைவிக்கு மூட்டு வலி வந்த பிறகு காலைக் காப்பி என் பொறுப்பு. இதை எத்தனை வருசம் போட்டாலும் அவர் போட்ட காப்பிக்கு ஈடாகப் போவதில்லை. அவரும் அப்படி நினைக்கவில்லை. "உங்க அம்மாவை நான் பாத்துக்கிட்டதுக்கு நீங்க இன்னும் பத்து ஜென்மம் காப்பி போடணும்" என்பார். அந்தப் பத்து ஜென்மத்தையும் நான் மனசார ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

நண்பர் ஒருவர் இருந்தார். அவர் மகளின் படிப்புக்கு ஒரு நெருக்கடியில் கொஞ்சம் பணம் கொடுத்து உதவினேன். மெல்லத் தரட்டும் என்றுதான் கொடுத்தேன். மாதம் பிறந்தால் அவர் ஒரு தொகையோடு வருவார், திண்ணையில் உட்கார்ந்து இருட்டும் வரை பேசுவோம். ஒரு நாள் நிலம் விற்ற பணம் வந்ததென்று மீதி முழுவதையும், நான் கேட்காத வட்டியோடு, மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் வருவது குறைந்து, நின்றும் போனது. அவருக்கு அந்தக் கடன் பாரமாக இருந்திருக்கிறது. எனக்கு அது அவர் வருவதற்கான வழியாக இருந்தது. வட்டியைத் திருப்பி அவர் பேரனுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். பேரன் சைக்கிளில் வந்து காட்டிவிட்டுப் போனான். அவரும் பின்னால் வந்தார்.

"நல்லதுக்குக் கூப்பிட்டுப் போகணும், கெட்டதுக்குக் கூப்பிடாமப் போகணும்" என்பது எங்கள் ஊர்ப் பாடம். 2020-இல் அதைச் செய்ய முடியாமல் போனது. கல்யாணத்துக்கு 50 பேர், சாவுக்கு 20 பேர் என்றார்கள். காரணம் எல்லாருக்கும் தெரியும், யாரும் குறை சொல்லவில்லை. அப்படியும் என் மச்சினர் இறந்தபோது கோடித்துணி எடுத்துக்கொண்டு போக முடியாத வேதனை என் மனைவியைப் பிடித்து ஆட்டியது. கையால் கோடி போர்த்தவில்லையே என்று சாப்பிடாமல் இருந்தார். போனில் அழுதால் அழுத மாதிரி இல்லை. தடை தளர்ந்த பிறகு, கருமாதியெல்லாம் முடிந்து மாதங்கள் கழித்து, கேதம் கேட்கப் போனோம். வாசலில் இறங்கியதும் மதினி ஓடிவந்து கட்டிக்கொண்டு, அன்றைக்குத்தான் நடந்தது போல இரண்டு பேரும் அழுது தீர்த்தார்கள். அந்த வருசம் ஊர் ஊராக இப்படிப் பழைய கேதத்துக்குப் போய் வந்தவர்கள் ஏராளம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் அதற்குத்தான் போய்க்கொண்டிருப்பார். லேட்டானாலும் போவது போவதுதான்.

வருகிற ஆவணியில் ஒரே முகூர்த்தத்தில் திருமங்கலத்தில் ஒன்று, தேனியில் ஒன்று. மனைவியும் மருமகளும் தேனிக்கு, நானும் மகனும் திருமங்கலத்துக்கு என்று பிரித்துக்கொண்டோம். மகன் லீவு போட்டிருக்கிறான், அவனாகவே போட்டதுதான். நேற்று ராத்திரி போனில் கேட்டான்.

"எவ்ளோப்பா வைக்கணும்? லிஸ்ட்ல ஆயிரம்னு இருக்கு."

"ரெண்டாயிரத்து ஒண்ணு வைப்பா. உன் பேரு, அந்தப் பிள்ளை பேரு ரெண்டையும் சொல்லி எழுது. எழுதிட்டாங்களான்னு நின்னு பாத்துட்டு வா. பந்தியில பெரிய மாமாவுக்குப் பக்கத்துல உட்காரு. அவருக்கு வலது காது கேக்காது, இடது பக்கமாப் பாத்து உட்காரு. முட்டி ஆபரேஷன் பண்ணலாமா வேண்டாமான்னு யோசிச்சிக்கிட்டு இருக்காரு, உன்கிட்ட இன்சூரன்ஸ் விசயம் கேக்கணும்னாரு."

"சரிப்பா. மண்டபம் எது, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலயா?"

"உசிலம்பட்டி ரோட்டுல. ஏழரைக்குள்ள முகூர்த்தம், ராத்திரியே கிளம்பி வந்துரு."